றெக்கை வைத்த கப்பல்

அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் அறைக் கதவில் ஒரு கப்பல் படம் ஒட்டியிருக்கிறது. முகப்பில் பெரிய சிங்கத் தலை, மஞ்சள் பிடரி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. எய்சிரோ ஓடா என்ற ஜப்பான்காரர் 1997-இல் ஆரம்பித்து இன்னும் முடிக்காமல் இழுத்துக்கொண்டிருக்கும் 'ஒன் பீஸ்' தொடரில் வரும் கொள்ளைக்காரப் பையன்களின் கப்பல் அது. சிங்கத்தின் வாய்க்குள் பீரங்கி இருக்கிறதாம். இதற்கு முன்னால் அவர்கள் ஓட்டிய கப்பலுக்கு ஆட்டுத் தலையாம். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "நம்ம ஆளுங்க இப்படியெல்லாம் யோசிச்சதே இல்லல்ல மாமா?" என்றான்.

கேட்டது யாரிடம் என்று அவனுக்குத் தெரியவில்லை. கடல் புறாவைப் படித்து வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

எங்கள் வீட்டுப் பரணில் மூன்று தடித் தடிப் புத்தகங்கள் இருக்கின்றன. கடையில் வாங்கியவை இல்லை. குமுதத்தில் வாரா வாரம் வந்த பக்கங்களைக் கிழித்து, தேதி பார்த்து அடுக்கி, பைண்டிங் கடையில் கொடுத்து அட்டை போட்டு வாங்கியவை. அந்தக் காலத்தில் பத்திரிகை வாங்கிய வீடுகளில் பாதிக்கு மேல் இப்படி ஒன்றாவது இருக்கும். கதைப் பக்கத்தின் பின்னால் தலைவலி மாத்திரை விளம்பரம் ஓடும். பைண்டிங்காரர் கொஞ்சம் உள்ளே தள்ளித் தைத்துவிட்டால் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். நான் கடல் புறாவை அப்படித்தான் படித்தேன். ஓவியர் லதாவின் படங்கள் மட்டும் தையலில் மாட்டாமல் முழுசாக இருக்கும். என் பெரியப்பா ஏற்பாடு அது. படம் வந்த பக்கத்தை ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி நீட்டித்தான் தைக்கக் கொடுப்பார்.

சாண்டில்யன் 1910-இல் திருக்கோவிலூரில் பிறந்தவர். எங்கள் வானூரும் திருக்கோவிலூரும் ஒரு காலத்தில் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். ஆகவே கொஞ்சம் ஊர்ப்பாசமும் சேர்த்தே எழுதுகிறேன், கழித்துக்கொள்ளுங்கள். சுதேசமித்திரனில் வேலை பார்த்தார், சினிமாவுக்குக் கதை வசனம் எழுதினார், பிறகு குமுதம் வழியாக ஒரு தலைமுறையையே கப்பலேற்றினார். 'யவன ராணி', 'கடல் புறா', கனோஜி ஆங்கரேயின் மராட்டியக் கடற்படையை வைத்து எழுதிய 'ஜல தீபம்' என்று தண்ணீர் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. 1987-இல் காலமானார்.

கடல் புறாவின் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நாயகன் கருணாகர தொண்டைமான், கதையில் இளையபல்லவன். கலிங்கத்தின் பாலூர்ப் பெருந்துறையில் மாட்டிக்கொண்டு தப்புகிறான். அகூதா என்ற சீனக் கொள்ளைக்காரனிடம் கடற்போர் கற்கிறான். பிறகு சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய சாம்ராஜ்யத்தின் கடலில், அட்சயமுனை என்ற கொள்ளைக்காரர் கோட்டையில் போய் இறங்குகிறான். காஞ்சனாதேவி, மஞ்சளழகி என்று இரண்டு பெண்கள். வருணனை பக்கம் பக்கமாக வரும். பெண்கள் வரும்போதெல்லாம் எழுத்தாளரின் பேனா நங்கூரம் போட்டுவிடும், கதை நகராது. இன்று படிக்கும்போது அந்தப் பக்கங்களை நான் கூசாமல் தள்ளிவிடுகிறேன். நீங்களும் தள்ளலாம், ஒன்றும் குறையாது.

தள்ளக் கூடாதது கப்பல். கடல் புறா என்பது நாயகனும் இல்லை, நாயகியும் இல்லை, அந்தக் கப்பலின் பெயர். புறாவின் உருவத்தில் கட்டிய போர்க்கப்பல். முகப்பில் புறாத் தலை, பக்கங்களில் சிறகு. பார்த்தால் பறவை, உள்ளே முழுக்கப் போர்ப்பொறி. எதிரி மாலுமி அது வருவதைப் பார்த்துத் திகைத்து நிற்கிற நேரத்தில் பாதிச் சண்டை முடிந்துவிடும். சிங்க வாய்க்குள் பீரங்கி வைத்த ஜப்பான்காரருக்கு முப்பது வருஷம் முன்னாலேயே, 1960-களிலேயே, குமுதம் வாசகருக்கு இது கிடைத்துவிட்டது. பையனிடம் சொன்னேன். அவன் லதாவின் படத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, "செம டிசைன் மாமா, ஆனா நம்புற மாதிரி இல்லையே. கப்பலுக்கு எதுக்கு றெக்கை?" என்றான்.

நல்ல கேள்வி. நாவலைக் கிண்டல் செய்கிற எல்லோரும் முதலில் கைவைப்பது அங்கேதான். நான் அதற்கு நேர் எதிராக ஒன்று சொல்லப்போகிறேன். அந்த நாவலில் அதிகம் நம்பக்கூடிய சமாசாரமே கப்பலுக்குப் பறவை முகம் வைத்ததுதான். நாம் கண்டுகொள்ளாமல் கடந்துபோகிற வேறொன்றுதான் உண்மையான ரீல். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் முகம். மாளவத்து போஜ ராஜன் பெயரில் 'யுக்தி கல்பதரு' என்று ஒரு வடமொழி நூல் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு, அதாவது ராஜேந்திரனும் குலோத்துங்கனும் வாழ்ந்த அதே காலம். கப்பல் கட்டுவதைப் பற்றி அதில் ஒரு பகுதி. ராதாகுமுத் முகர்ஜி 1912-இல் எழுதிய இந்தியக் கப்பல் வரலாற்றில் அதை விரிவாக எடுத்துக் காட்டினார். கப்பலின் முகப்பில் என்னென்ன தலை வைக்கலாம் என்று அந்த நூல் பட்டியலே போடுகிறது: சிங்கம், எருமை, பாம்பு, யானை, புலி, வாத்து, மயில், கிளி, தவளை, மனிதன். தவளை! போர்க்கப்பலுக்குத் தவளை முகம் வைத்து யாரைப் பயமுறுத்தினார்களோ. நாலு பாய்மரக் கப்பலுக்கு வெள்ளை, மூன்றுக்குச் சிவப்பு, இரண்டுக்கு மஞ்சள், ஒற்றைப் பாய்மரத்துக்கு நீலம் என்று வண்ணமும் வகுத்திருக்கிறது. பலகைகளை இரும்பால் பிணைக்காதே, கடலுக்குள் இருக்கும் காந்தப் பாறை இழுத்துவிடும் என்ற எச்சரிக்கையும் உண்டு. காந்தப் பாறை கதைதான், ஆனால் இரும்பு இல்லாமல் கயிறு போட்டுத் தைத்த கப்பல் கதையில்லை. அது நம் கரையிலேயே ஓடியது.

ஆக, பட்டியலில் வாத்து இருக்கும்போது புறாவுக்கு என்ன குறை?

முழுத் தலை வைக்க வசதி இல்லாதவர்கள் கண்ணை மட்டும் வைத்தார்கள். சென்னை மாகாண மீன்வளத்துறைக்கு இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னல் நூறு வருஷத்துக்கு முன் இந்தியக் கடற்கரை முழுக்க நடந்து படகுகளை வரைந்து வைத்தவர். சோழமண்டலக் கரையின் தோணிகளில் அணியம் எனப்படும் முகப்பின் இரண்டு பக்கமும் மரத்தில் கண் செதுக்கியிருந்ததைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். கண் வைத்துவிட்டால் அது உயிருள்ளது, வழி பார்த்துப் போகும். அப்புறம் அதை யாரும் வெறும் மரமாகப் பார்ப்பதில்லை.

பக்கத்துப் புதுச்சேரியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்குச் சொந்தமாகக் கப்பல் இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ஆனந்தப்புரவி. தன் பெயரில் பாதி, குதிரை பாதி. 1736-இலிருந்து எழுதிய நாட்குறிப்பில் எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் முகம் கறுத்தது என்று எதையும் விடாமல் எழுதிய மனிதர், தன் கப்பலைக் குதிரையாகத்தான் பார்த்தார். புரவிக்கும் புறாவுக்கும் நடுவில் இருநூறு வருஷம், எண்ணம் ஒன்றுதான்.

சாண்டில்யன் கதை நடக்கிற கீழ்க்கடல் பக்கம் போனால் இன்னும் வசதி. தாய்லாந்து அரசரின் ஊர்வலப் படகு சுபன்னஹோங் இன்றைக்கும் பாங்காக்கில் இருக்கிறது. பொன்னால் இழைத்த அன்னம். ஒரே தேக்கு மரத்தைக் குடைந்து செய்தது, 46 மீட்டர் நீளம், ஐம்பது பேர் துடுப்புப் போடுவார்கள். இப்போது இருப்பது 1911-இல் முடித்தது, ஆனால் வடிவம் பழசு. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஆற்றில் அது வரும் காணொளியைப் பையனிடம் காட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

"இது சும்மா ஊர்வலத்துக்கு. சண்டைக்கு?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான். அதற்கும் ஆள் இருக்கிறது. 1592-இல் ஜப்பான் படை கொரியாவுக்குள் நுழைந்தபோது, தளபதி யி சுன்-சின் கட்டி இறக்கினார், ஆமைக் கப்பல். மேல்தளம் முழுக்க ஓடு மாதிரி மூடி, எதிரி தாவிக் குதித்தால் குத்திக் கிழிக்க அதன் மேல் இரும்பு முட்கள். முகப்பில் டிராகன் தலை. டிராகன் வாய் வழியாகப் பீரங்கி சுடலாம் என்று அவரே தம் அரசருக்கு அறிக்கை எழுதினார். இயந்திர மிருகம் என்றால் இதுதான். கற்பனையே கலக்காத அசல். ஜப்பான்காரர் ஒருவர் இன்று சிங்க வாயில் பீரங்கி வரைகிறார் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு. அவர்கள் முன்னோர் அந்த மாதிரி வாயை எதிரில் நின்று பார்த்தவர்கள்.

கடல் மிருகம் என்று உலகமே நம்பி, பிறகு இரும்புக் கப்பல் என்று தெரிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜூல் வெர்னின் நாட்டிலஸ். ஆரம்பத்தில் எல்லோரும் ராட்சதக் கொம்புத் திமிங்கலம் என்றுதான் வேட்டைக்குக் கிளம்புவார்கள். அதன் கேப்டன் நெமோ ஆங்கிலேயருக்கு எதிராகக் கலகம் செய்து தோற்ற இந்திய இளவரசன், பந்தேல்கண்ட்காரன். அதை வெர்ன் பின்னால் எழுதிய வேறொரு நாவலில்தான் உடைப்பார். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்கிற ஏழை ஒருவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி ஒரு பை முத்தைக் கையில் திணிப்பான் நெமோ. நம் கடலில் வந்து நல்லது செய்துவிட்டுப் போன இயந்திர மிருகம் என்று அதற்கும் ஒரு மரியாதை உண்டு என் மனசில்.

அடுத்து கொள்ளைக்காரர்கள். சோழத் தளபதி சீனனிடம் கொள்ளைத் தொழில் கற்பதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கருணாகர தொண்டைமான் விஷயத்தில் அவர்கள் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. வரலாற்றில் அவர் குலோத்துங்கனின் படைத்தலைவர், ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியே அவர் வென்ற போரைத்தான் பாடுகிறது. ஆனால் பரணிப்படி அவர் காஞ்சியிலிருந்து பாலாறு, கிருஷ்ணை, கோதாவரி என்று ஆறு ஆறாகத் தாண்டித் தரை வழியாகப் போனவர். கடலில் கால் வைத்ததாக அதில் இல்லை. ஆற்றைத் தாண்டியவருக்குச் சாண்டில்யன் ஒரு சமுத்திரத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார். தாராள மனசு.

ஆனால் அகூதா விஷயத்தில் அவர் கணக்குத் தப்பவில்லை. சீனாவின் சூவான்சௌ துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்த ஜாவ் ரூகுவா 1225-இல் ஒரு நூல் எழுதினார். (1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த அதே ஊர்தான்.) ஸ்ரீவிஜயத்தின் வழியே போகிற வணிகக் கப்பல் உள்ளே வராமல் தாண்டிப் போனால், அந்நாட்டுக் கப்பல்கள் கூட்டமாகப் போய்ப் பாயும் என்கிறார் அவர். சுங்கம் கட்டினால் துறைமுகம், கட்டாவிட்டால் கொள்ளை. அரசாங்கத்துக்கும் கொள்ளைக்காரனுக்கும் நடுவில் கோடு போட முடியாத கடல் அது. பின்னால் ஸ்ரீவிஜயம் சரிந்து, அதன் தலைநகராக இருந்த பலெம்பாங்கையே சென் சூயி என்ற சீனக் கொள்ளைக்காரன் பிடித்து உட்கார்ந்துகொண்டான். அவனை அடக்க மிங் அரசின் ஜெங் ஹெ தன் மாபெரும் கப்பல்படையோடு வர வேண்டியிருந்தது. 1407-இல் பிடித்து நான்ஜிங்குக்குக் கொண்டுபோய்த் தலையை வாங்கினார்கள். அகூதாவுக்கு முந்நூறு வருஷம் பிந்திய பங்காளி.

இப்போது நான் ரீல் என்று சொன்ன இடத்துக்கு வருகிறேன். பெரிய கப்பல் வருகிறது, கரையோரம் நிற்கிறது, நாயகன் இறங்குகிறான். சரித்திர நாவல், சினிமா எல்லாவற்றிலும் நாம் ஆயிரம் தடவை பார்த்தது. யாரும் கேள்வி கேட்பதில்லை. மலாக்கா ஜலசந்தியில் அப்படி நடக்கலாம். நம் கரையில் நடக்காது.

வானூரிலிருந்து கிழக்கே வண்டியை விட்டு ஈசிஆரைப் பிடித்து வடக்கே திரும்பினால் கூனிமேடு, அனுமந்தை, அப்புறம் மரக்காணம். இரண்டு பக்கமும் உப்பளம் ஆரம்பித்துவிடும். கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள், பாத்திகளில் நிற்கிற தண்ணீரில் வெயில். இந்த மரக்காணம்தான் முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'பெரிப்ளஸ்' சொல்கிற சோபட்மா என்பது பல அறிஞர்கள் கருத்து. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இது என்றும் சொல்வார்கள். அந்தக் கிரேக்கர் இந்தக் கரைத் துறைகளில் இரண்டு வகைக் கலங்கள் இருந்ததாகச் சொல்கிறார். பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டிய சங்கரா. கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் போகிற மிகப் பெரிய கொலந்தியா. கீழ்க்கடலுக்குப் போன பெருங்கப்பல் இங்கே இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது எங்கே நின்றது?

சோழமண்டலக் கரைக்கு மறைவு கிடையாது. விரிகுடாவின் அலை நேராக வந்து மணலில் அடிக்கும். ஆழக் கப்பல் கரைக்கு வந்தால் தரை தட்டும், அலை புரட்டிவிடும். ஆகவே கப்பல் வெளியே ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் சலங்கு என்ற படகில் வரும். பிள்ளையின் நாட்குறிப்பு முழுக்க இந்தச் சலங்குகள்தான். பலகைகளைக் கயிறு போட்டுத் தைத்தவை. ஆணி அடித்த படகு அலையில் மோதினால் உடையும்; தைத்த படகு நெளிந்து கொடுக்கும். மரக்காணத்துக்கு வடக்கே ஆலம்பரைக் கோட்டையில் இதற்காகவே கடலுக்குள் நீட்டி ஒரு துறை கட்டியிருந்தார்கள். கோட்டை 1750-இல் துய்ப்ளே கைக்கு வந்தது, 1760-இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். இன்று மண்ணும் செங்கல்லும் மிச்சம். புதுச்சேரிக்கே ஒழுங்கான இரும்புப் பாலம் 1866-இல்தான் வந்தது. அதையும் 1952 புயல் கொண்டுபோய்விட்டது. அவ்வளவு ஏன், கடல் கண்ணெதிரே இருக்கும்போது கரைக்கு இணையாகக் கால்வாய் வெட்டிப் படகு விட்டார்களே வெள்ளைக்காரர்கள், 1878-இலிருந்து பக்கிங்காம் கால்வாய் என்று பெயர், அது தெற்கே வந்து முடிகிற இடம் மரக்காணம். இந்தக் கரையோடு மல்லுக்கட்ட முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேண்டாம்.

சோழர் கப்பல் எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் அந்தக் காலத்துப் படம் ஒன்றுகூட இல்லை. பல கலங்களைச் செலுத்தினான் என்று ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்கிறது; எந்த வடிவம், எத்தனை பாய் என்று ஒரு வார்த்தை கிடையாது. சாதவாகனர் காசில் இரட்டைப் பாய்மரக் கப்பல் இருக்கிறது, அழகன்குளத்துப் பானையோட்டில் கீறல் ஓவியம் இருக்கிறது, திருப்புடைமருதூர்க் கோயிலில் குதிரை ஏற்றி வரும் கப்பல் ஓவியம் இருக்கிறது. முதல் இரண்டும் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முந்தியவை, கடைசியது ஐந்நூறு வருஷம் பிந்தியது. நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் லதா புறாவை வரைந்தார், எல்லார் மனசிலும் அதுவே சோழர் கப்பல் என்று உட்கார்ந்துவிட்டது.

போன மாதம் பையனைக் கூட்டிக்கொண்டு கூனிமேட்டுக் குப்பத்துக்குப் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், கட்டுமரக் காலத்து ஆள். சுனாமிக்குப் பிறகு எல்லோரையும் போல ஃபைபருக்கு மாறியவர். இப்போது கடலுக்குப் போவதில்லை, மகன் போகிறான். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பையன் போனை நீட்டி, "தாத்தா, இந்தக் கப்பல் ஓடுமா?" என்று லதா படத்தைக் காட்டினான்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"அணியத்துல இம்மாம் ஒசரத்துக்குத் தல வச்சா காத்து அதத்தான்டா மொதல்ல புடிக்கும். நீ ஒரு பக்கம் போவணும்னு சுக்கான் புடிச்சா அது மூஞ்ச வேற பக்கம் திருப்பிக்கும். சோழகக் காத்துல இத வச்சிக்கினு தெக்க ஏற முடியுமா?"

"றெக்கை?"

"சாஞ்சா றெக்கை தண்ணிய வாரும். ஒரு வாட்டி வாருனா ஒடிஞ்சிடும். ஒடியலன்னா கப்பலக் கவுத்திடும். ஒடியறது நல்லது." வலையை உதறிவிட்டு, "அல இல்லாத எடத்துல ஓட்டலாம். கயில ஓட்டலாம்" என்றார். கழிமுகத்தை அவர்கள் கழி என்பார்கள், பேச்சில் அது கயி.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனைதான். சுபன்னஹோங் ஓடுவது ஆற்றில். ஆமைக் கப்பல் சண்டை போட்டது கொரியாவின் தீவுகளுக்கு நடுவில், ஒதுக்கமான தண்ணீரில். முழு மிருகமாகக் கட்டியது எல்லாமே அமைதியான நீருக்கு. திறந்த கடலுக்குப் போன தோணிகளில் மிருகம் சுருங்கிச் சுருங்கி இரண்டு கண்ணாக ஆகிவிட்டது. காற்று அனுமதித்தது அவ்வளவுதான். சாண்டில்யன் தன் புறாவை எங்கே விட்டார்? சுமத்ரா பக்கம், ஜலசந்தியில், தீவுகளுக்கு நடுவே. திடீர் புயல் ஒன்றிரண்டைத் தவிர நம் விரிகுடாவோடு ஒப்பிட்டால் அது குளம். தெரிந்து செய்தாரோ, கதை இழுத்துக்கொண்டு போனதோ, கப்பலைச் சரியான தண்ணீரில்தான் இறக்கியிருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் அந்தச் சிறகு ஒரு மணி நேரம் தாங்காது.

இதைச் சோதித்துப் பார்க்க முடியாதா என்றால், கிட்டத்தட்ட அதையே ஒரு கூட்டம் செய்து முடித்துவிட்டது. ஐஎன்எஸ்வி கௌண்டின்யா கேள்விப்பட்டிருப்பீர்கள். அஜந்தா குகையில் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் ஒரு கப்பல் இருக்கிறது. வரைபடம் இல்லை, அளவு இல்லை, ஒரு சுவர்ச் சித்திரம் மட்டும். அதை வைத்துக்கொண்டு முழுக் கப்பலையே கட்டிவிட்டார்கள். பாபு சங்கரன் தலைமையில் கேரளத் தச்சர்கள் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தார்கள். ஆணியே இல்லை. இந்த மாதிரிக் கப்பல் அலையில் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாததால், சென்னை ஐஐடியில் மாதிரி செய்து தண்ணீர்த் தொட்டியில் விட்டுச் சோதித்தார்கள். 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. (எம்.ஜி.ஆர். 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துக்காகக் கொள்ளைக்காரனாகக் கப்பலேறிய அதே கார்வார்.) அந்த வருஷக் கடைசியில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குப் பாய் விரித்துக் கிளம்பியது. அணியத்தில் சிம்ம யாளி செதுக்கியிருக்கிறார்கள். பாயில் இரட்டைத்தலைப் பறவை கண்டபேரண்டம். ஆக, இந்தியக் கடற்படையிடமே இப்போது மிருக முகக் கப்பல் ஒன்று இருக்கிறது. யாளி அடக்கமான அளவுதான். பெரியவர் பார்த்தால் குறை சொல்ல மாட்டார்.

பார்த்தார். அடுத்த தடவை போனபோது கௌண்டின்யா காணொளியைப் பையனே எடுத்துக் காட்டினான். யாளி வந்தபோது அவர் கண் அதில் நிற்கவே இல்லை. தச்சர் ஒருவர் பலகையில் துளை போட்டுக் கயிற்றை இழுத்து முடிகிற இடம் வந்ததும், "நிறுத்து, நிறுத்து" என்றார். அந்தத் துண்டை மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் என்ன அடைக்கிறார்கள், மேலே என்ன பூசுகிறார்கள், கயிறு எத்தனை வருஷம் வரும் என்று சரமாரியாகக் கேட்டார். மீன் எண்ணெயும் பிசினும் பூசுகிறார்கள் என்றதும் தலையாட்டினார். தன் தாத்தா காலத்தில் கரைவலைக்கு இப்படித் தைத்த படகுதான், கயிறு இற்றுப்போனால் மொத்தத்தையும் பிரித்துப் போட்டு மறுபடி தைப்பார்கள், ஊரே உட்கார்ந்து தைக்கும் என்றார்.

பையன் விடவில்லை. நோட்டில் தான் வரைந்த கப்பலைக் காட்டினான். புறாத் தலையைப் பாதியாகக் குறைத்திருந்தான். சிறகுகளுக்குக் கீல் வைத்து, கடலில் போகும்போது மேல்நோக்கி மடித்துக்கொள்ளும்படி, சண்டை வரும்போது மட்டும் விரியும்படி அம்புக்குறி போட்டிருந்தான். பெரியவர் நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஓடும்" என்றார். பையன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, மணலில் ஃபைபர் படகை இழுத்துக்கொண்டு வந்த டிராக்டரைக் காட்டினார். "ஆனா சாயங்காலம் கரையேத்தணுமே, அதுக்கு எத்தினி டிராக்டர் வேணும்னு எழுதல பாரு நீ."

பையன் பென்சிலை எடுத்துக்கொண்டு, "ஒரு டிராக்டர் எவ்ளோ வெயிட் இழுக்கும் தாத்தா?" என்றான்.